பக்கத்து இலை

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார்கள். அதெல்லாம் நன்றாகத் தெரியும். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் சொல்வார்கள். வாயில் வைக்க முடியாத குழம்பை ஊற்றிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "அருமைங்க" என்று பதில் வரும். இன்னொரு கரண்டி வேண்டுமா என்றால் அதற்கும் தலையாட்டுவார்கள். பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றி முப்பது வருஷமாகக் கிராம சுகாதார நர்ஸாக அலைகிறேன். எனக்குத் தெரியாதா? என் பெயர் தாஜுன்னிசா. அந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது, ஊருக்கு நான் நர்சம்மா.

இந்த நல்ல குணம் ஒரு பையனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், தீபாவளி முடிந்த வாரம். சூரத்தில் பிளேக் வந்து அடங்கியிருந்தது. ஆனால் எங்கள் ஊரில் எலி குறுக்கே ஓடினாலே மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து, பம்ப் ஃபவுண்டரி வைத்திருக்கும் நஞ்சுண்டன் தன் மகளுக்குத் தோட்டத்து வீட்டில் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்தார். காலை எட்டு மணிக்குப் பந்தி: வடை, ஜாங்கிரி, எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தகை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் வாந்தி. சாயங்காலத்துக்குள் எண்பத்தாறு பேர் ஆஸ்பத்திரியில். சென்னிமலையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா, பெட்ஷீட் வியாபாரி, அவருக்குத்தான் முதல் குளுக்கோஸ் பாட்டில் ஏறியது.

நஞ்சுண்டன் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். "தண்ணித் தொட்டீல எவனோ கிருமி கலந்துபோட்டான்" என்று புகார். எவனோ இல்லை, பெயரையே சொன்னார். ரூபன்.

ரூபன் அவர் தோட்டத்தில் களையெடுக்கும் மயிலாத்தாளின் மகன். பீளமேட்டில் ஒரு காலேஜில் மைக்ரோபயாலஜி படிக்கிறான். அந்தக் காலனியில் எம்.எஸ்ஸி. வரை போன முதல் பிள்ளை, நான் தடுப்பூசி போட்டு வளர்ந்தவன். கல்யாணத்துக்கு முந்தின நாள் தொட்டி மேல் ஏறி நின்று பாட்டிலோடு குனிந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவன் பாட்டிலில் தண்ணீர் எடுத்தான், காலேஜ் ப்ராஜெக்டுக்கு. எங்கள் ஊர்க் கிணறு, தொட்டி எல்லாவற்றிலும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போவான். பெட்டி மேல் இங்கிலீஷில் ஏதோ கிருமியின் பெயர் எழுதியிருந்தது. போதாதா?

மறுநாள் சாயங்காலம் நான் ஸ்டேஷனுக்குப் போனபோது அந்தப் பெட்டியை முற்றத்து நடுவில் வைத்து, மேலே ஒரு அண்டாவைக் கவிழ்த்திருந்தார்கள். பத்தடி தள்ளி ஒரு கான்ஸ்டபிள் மூக்கில் துண்டும் கையில் வேப்பிலைக் கொத்துமாக நின்றார். பெட்டி பாய்ந்தால் வேப்பிலையால் அடிப்பார் போலிருக்கிறது.

"சென்னையிலருந்து டாக்டர் வந்திருக்காருங்க நர்சம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "நாளைக்கு நாலு மணிக்கு ரிப்போர்ட் தர்றாரு. தண்ணின்னு வந்துச்சுன்னா பையனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறோம். கொலை முயற்சி. சாப்பாடுன்னு வந்துச்சுன்னா உட்டுர்றோம்."

உள்ளே ரூபன் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "படிப்பு போச்சுங்களா நர்சம்மா?" என்று மட்டும் கேட்டான்.

வெளியே வேலியோரம் மயிலாத்தாள் குத்தவைத்திருந்தாள். கண் உள்ளே போயிருந்தது, உதடு காய்ந்திருந்தது.

"உனக்குமா?" என்றேன்.

"பந்தியெல்லாம் முடிஞ்சப்பறம் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளீல எங்களுக்குப் போட்டாங்கல்லங்க. நேத்து மதியத்துலருந்து ஆறேழு தடவை ஆச்சுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"பையன் இங்கிருக்கானுங்களே."

உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்து கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினேன். "பெத்த தாய் சாப்பிடற ஊட்டுத் தொட்டீல எவனாவது கிருமி கலப்பானுங்களா?" என்று கத்தினேன். இன்ஸ்பெக்டர் லிஸ்டைப் புரட்டினார். எண்பத்தாறு பேரில் மயிலாத்தாள் இல்லை. பின்கட்டில் சாப்பிட்டவர்களை யாரும் எழுதவே இல்லை. இல்லாத பெயரை வைத்து என்ன செய்வது என்றார். அந்த ஆளை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

சென்னையிலிருந்து வந்த டாக்டர் சரவணன் நல்ல மனுஷன், இளவயசு. பஞ்சாயத்து ஆபீஸில் பெரிய தாளில் கட்டம் போட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், இந்த மாதிரி ஒரு ஊரை நான் பார்த்ததே இல்ல" என்றார். "யார் எதைச் சாப்பிட்டாங்க, யார் எதைச் சாப்பிடலன்னு தெரிஞ்சாத்தான் எதுல கோளாறுன்னு கண்டுபிடிக்க முடியும். நூத்தம்பது பேரைக் கேட்டாச்சு. நோய் வந்தவங்க, வராதவங்க, அத்தனை பேரும் எல்லாத்தையும் சாப்பிட்டிருக்காங்க. எல்லாம் நல்லா இருந்துச்சாம். அப்ப நான் என்ன எழுதறது? தண்ணின்னுதான் எழுதணும்."

"யாரு கூட்டிட்டுப் போயி விசாரிச்சீங்க?"

"நஞ்சுண்டன் சார்தான். வீடு வீடா கூடவே வந்தாரு. ரொம்ப ஒத்தாசை."

விளங்கிவிட்டது. கல்யாணம் செய்த மனுஷனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவர் போட்ட சாப்பாட்டில் எதை ஒதுக்கினாய் என்று கேட்டால் எங்கள் ஊரில் எவன் வாயைத் திறப்பான்? லிஸ்டில் பழனியாத்தாள் பெயரைப் பார்த்தேன். சர்க்கரை வியாதிக்கு நான்தான் மாத்திரை கொடுக்கிறேன். இரண்டு ஜாங்கிரி என்று போட்டுக் கீழே கையெழுத்தும் இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அவள் வீட்டுக்குப் போய்ப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு ஜாங்கிரி தின்னீங்களாமா? காலை எடுக்கணும்னு ஆசையா?"

"ஐயோ, நான் எங்கீங்க தின்னேன்! இலைக்கடீல தள்ளிப்போட்டேன். அவரு எதுத்தாப்புல நிக்கறாரு, வேண்டான்னு ஒதுக்குனேன்னு எப்பிடிங்க சொல்றது?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "நானாச்சும் ஜாங்கிரியோட நிறுத்துனேன். எம்பக்கத்துல உக்காந்திருந்தாளே மில்லுக்காரர் சம்சாரம், அவ சந்தகைக்கு ஊத்துன தேங்காய்ப்பாலைத் தொடவே இல்லீங்க. மோந்து பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சா பாருங்க."

நான் அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தன் இலையைப் பற்றி உண்மை பேச மாட்டார்கள், சரி. பக்கத்து இலை? கண்ணெல்லாம் அங்கேதானே இருக்கும்!

டாக்டரைக் கிளப்பினேன். குடும்பக் கட்டுப்பாட்டு நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் பந்தியை வரிசை வரிசையாக வரைந்தோம், ஆளுக்கு ஒரு இலை. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பது எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் மறக்காது. மரியாதைப் பிரச்சினை ஆயிற்றே. நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று யாரையும் கேட்கவில்லை. "உங்க பக்கத்து இலைல என்னங்க மிச்சம் இருந்துச்சு?" அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி கொட்டினார்கள். யார் எத்தனை வடை வாங்கினார், யார் ஒன்றை மடியில் கட்டினார், எல்லாமே வந்தது. டாக்டருக்கு எழுதிக் கை வலித்தது.

மதியம் இரண்டு மணிக்குக் கூட்டிப் பார்த்தோம். தேங்காய்ப்பாலைத் தொடாதவர்கள் முப்பத்தொரு பேர். எல்லாரும் தொட்டித் தண்ணீர் குடித்தவர்கள்தான். அதில் வாந்தி எடுத்தவர் ஒரே ஒருவர். அவர் எடுத்தது கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், அதற்குக் காரணம் வேறு பாட்டில்.

"தண்ணி இல்ல சிஸ்டர், பால்தான்!" என்று டாக்டர் துள்ளினார். "ராத்திரியே பிழிஞ்சு வச்சிருக்காங்க. சமையல்காரர் விரல்ல புண்ணுக் கட்டு இருந்ததை நானே பார்த்தேன். கிருமி அங்கேருந்துதான் வந்திருக்கணும்."

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னோம். இன்ஸ்பெக்டர் மசியவில்லை. "பக்கத்து இலைக்காரன் சொன்னதெல்லாம் சாட்சி ஆகுமுங்களா? எல்லாத்தையும் சாப்பிட்டேன்னு அவங்கவங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்குதுங்களே. ஒருத்தராச்சும் மாத்தி எழுதித் தரணும். நாலு மணி வரைக்கும்தான்."

முப்பத்தொரு பேரில் யாரைக் கேட்பது? படத்தைப் பார்த்தேன். முதல் வரிசை, முதல் இலை சென்னிமலைச் சம்பந்தி. இரண்டாவது இலை நஞ்சுண்டன். கல்யாண வீட்டுக்காரர் கடைசியில்தான் சாப்பிடுவார், ஆனால் நீங்கள் உட்கார்ந்தால்தான் கை வைப்பேன் என்று சம்பந்தி பிடிவாதம் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். அதே பந்தி, அதே தண்ணீர். நஞ்சுண்டனுக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை. அவர் இலையைப் பற்றிச் சம்பந்தியை நாங்கள் இன்னும் கேட்டிருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சம்பந்தி படுத்திருந்தார், கையில் குளுக்கோஸ் ஊசி. பக்கத்தில் நஞ்சுண்டன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுப்பாத்தாள் ஜன்னலோரம் நின்றாள்.

நான் சம்பந்தியிடம் போனேன். "ஏனுங்க, உங்க பக்கத்து இலைல என்னங்க மிச்சம்?"

"மிச்சமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் அவர், வெள்ளை மனசாக. "பாலுதான் அவரு வாங்கலை. ஊத்த வந்தப்போ இலைமேல கைய வெச்சு மறைச்சுப்போட்டாரு. தண்ணி மட்டும் ரெண்டு டம்ளர் குடிச்சாரு. பாவம், சக்கரை வந்துருச்சோன்னு நானும் கேக்காம உட்டுட்டேனுங்க."

ஆரஞ்சு உரிக்கும் கை நின்றுவிட்டது.

"உங்களுக்குச் சுகரா சார்?" என்றார் டாக்டர், அக்கறையாக.

"இல்லீங்க... பாலு நமக்கு ஒத்துக்காதுங்க."

"ஒத்துக்காதுங்களா?" சுப்பாத்தாள் ஜன்னலை விட்டு வந்தாள். "தினம் ஒரு சொம்பு குடிக்கறீங்க. ஏனுங்க, விடியால பொடக்காளீல மோந்து பாத்தீங்களே! புளிச்சுப்போச்சுங்க, கொட்டிப்போடலாம்னு சமையக்கார மயில்சாமி சொன்னானே. நாட்டுச்சக்கரையும் ஏலக்காயும் இன்னும் ரெண்டு பங்கு போட்டு ஊத்துடான்னது ஆருங்க? நானும் ரெண்டு நாளா வாய மூடிட்டிருந்தேன், அது என் தப்பு. அந்தப் பையன் நம்ம தோட்டத்துல தவழ்ந்த புள்ளைங்க."

நஞ்சுண்டன் என்னைத்தான் பார்த்தார். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இலைல உக்காந்துட்டாங்க நர்சம்மா. பாலு இல்லைன்னு எப்பிடிச் சொல்றது? மானம் போயிருமே."

"அதுக்கு அந்தப் பையன்தான் கிடைச்சானுங்களா?" என்றேன். பேப்பரையும் பேனாவையும் நீட்டினேன். வாங்கி எழுதினார். பாலைத் தொடவில்லை, தண்ணீர் குடித்தேன், நோய் இல்லை. சமையல்காரர் கொட்டச் சொன்னதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்.

அப்போது கட்டிலிலிருந்து சம்பந்தி மெல்லக் கையைத் தூக்கினார். "பரவால்லீங்க சம்பந்தி. பாலு நல்லாத்தானுங்க இருந்துச்சு."

இந்த ஊரை என்ன செய்வது!

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இன்ஸ்பெக்டர் மேஜையில் பேப்பரை வைத்தேன். டாக்டர் தன் லிஸ்டில் எண்பத்தேழாவதாக மயிலாத்தாளை எழுதினார். பின்கட்டில் சாப்பிட்ட மற்றவர்களையும் அவளிடமே கேட்டு எழுதினார், பதினாலு பேர். "பாலு எப்படிம்மா இருந்துச்சு?" என்று அவர் கேட்டதற்கு, "அடி அண்டாப் பாலுங்க, புளிச்ச வாடைதானுங்க" என்றாள். அவளை அதற்கு முன் யாரும் கேட்டிருக்கவில்லை.

ரூபன் வெளியே வந்தான். கான்ஸ்டபிள் அண்டாவைக் காலால் நகர்த்திவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். பெட்டியைத் திறந்து பார்த்தான். ஐஸ் கரைந்து, மூன்று மாத வேலை வீணாகிப் போயிருந்தது. மயிலாத்தாள் அவன் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எதற்கு மறைக்க வேண்டும்.

வாசலில் நஞ்சுண்டனின் கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒரு நேரம் வந்தால் என்ன பேசுவார்களோ அதைத்தான் பேசினார்.

"மயிலாத்தா, பையனையும் கூட்டிக்கிட்டு ஊட்டுக்கு வா. முன்கட்டுலயே இலை போடச் சொல்லியிருக்கேன். ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டுப் போலாம்."

மயிலாத்தாள் முந்தானையைச் சரிசெய்து எழுந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேண்டாமுங்க" என்றாள்.

இத்தனை வருஷத்தில் சாப்பிடக் கூப்பிட்டதற்கு அந்தப் பதிலை இந்தப் பக்கத்தில் நான் கேட்டதில்லை. நஞ்சுண்டன் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். அம்மாவும் மகனும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.