பருவுக்குப் போட்ட மாத்திரை

அசாருதீன் தன் அண்ணன் மனைவியைப் பார்த்து "விஷம் வச்சவ" என்று கத்தியபோது தெருவில் பதினோரு பேர் நின்றிருந்தோம். எண்ணிப் பார்த்தேன். நோன்பு திறக்க அரைமணி நேரம்தான் இருந்தது. பள்ளிவாசலில் கஞ்சி வாங்கிய தூக்குவாளிகளோடு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கஞ்சி ஆறியது; ஒருவரும் நகரவில்லை.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். கட்டின கொத்தனார் சிமெண்டில் மிச்சம் பிடித்திருக்கிறார். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். ஆகவே நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

மூத்தவர் முகம்மது நூகு விருதுநகர் பஜாரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் வத்தல் நெடி ஏறிவிடும் என்று பயந்தவர் மாதிரி பேசவே மாட்டார். தம்பி அசாருதீன் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி லோடு அனுப்புகிறவன். வெடிச் சரக்கோடு பழகிய வாய். தங்கை ருக்சானா பி.காம். முடித்தவள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்த மூன்று பேருக்கும் பொங்கிப் போடுகிறவள் நூகுவின் மனைவி உம்மு சல்மா.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சிவகாசியிலிருந்து ருக்சானாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சகக் குடும்பம். மாப்பிள்ளையின் தாயார் மூன்றாவது சமோசாவைக் கடித்துக்கொண்டே, மை சிந்திய லேபிளைப் பார்ப்பதுபோல ருக்சானாவின் கன்னத்தைப் பார்த்தார்.

"பிள்ளை லட்சணந்தான். மூஞ்சி தெளியட்டும். பெருநாள் கழிச்சு வந்து ஒரு எட்டுப் பார்த்துட்டுத் தேதி வைப்போம்" என்றார்.

இதே மாப்பிள்ளையை முதலில் உம்மு சல்மாவின் தங்கைக்குத்தான் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள் என்பது தெரு முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொன்னேன்.

ருக்சானாவின் கன்னம் இரண்டும் பரு. ஆனால் அசாருதீன் டாக்டர் பேச்சையே எடுக்கவிடவில்லை. "பருவுக்கு எவளாவது மாத்திரை திம்பாளா? சீக்காளின்னு பேராயிரும்" என்றான். உம்மு சல்மாதான் அவளைத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லித் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். தடவ ஒரு கிரீம். விழுங்க ஒரு ஆண்டிபயாடிக் மாத்திரை, சாப்பிட்டபின் தினம் ஒன்று, மூன்று மாதத்துக்கு. இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உம்மு சல்மா சொன்னாள். நானும் இரண்டே பேரிடம்தான் சொன்னேன்.

மத்தியானம் அண்ணன்மார் கடையில் இருக்கும்போது மாத்திரை ஓடியது. முகமும் தெளிந்துகொண்டு வந்தது. அதற்குள் நோன்பு பிறந்தது. பகலில் ஒன்றும் விழுங்க முடியாது. மாலையில் நோன்பு திறக்கும்போது அண்ணன்மார் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அதனால் விடியுமுன் சகர் சாப்பிடுகிற நேரத்துக்கு மாத்திரையை மாற்றிக்கொண்டாள்.

ஒன்பதாம் நோன்பு அன்று காலை, நெஞ்சுக்குள் கங்கு வைத்தது போல எரிகிறது என்றாள். மாலையில் பேரீச்சம்பழம் இறங்கவில்லை. மறுநாள் எச்சில் விழுங்கவும் கண்ணில் நீர் வந்தது. அந்த மாலைதான் அசாருதீன் அடுக்களைக்குள் போனான். பருவுக்கு ஆகாது என்று உம்மு சல்மா ருக்சானாவுக்கு மட்டும் எண்ணெய் குறைத்துத் தனிச் சட்டியில் குழம்பு வைப்பாள். அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான்.

"எல்லாரும் பாருங்க! என் தங்கச்சிக்கு மட்டும் தனிச் சட்டி! இதுல என்னத்தக் கலந்த? ஒன் தங்கச்சிக்கு வாய்க்காத மாப்பிள்ளை இவளுக்கும் வாய்க்கக் கூடாது, அதான?"

அதுவரை அண்ணன் மனைவியை மைனி மைனி என்று 'ங்க' போட்டுப் பேசியவன்தான்.

"ஏலே அசாரு, வாயை அளந்து பேசு" என்றாள் உம்மு சல்மா.

"விஷம் வச்சவகிட்ட என்னடி அளவு? அண்ணே, இவளை இப்பவே ஏழாயிரம்பண்ணைக்கு, அவ ஆத்தா வீட்டுக்கு பஸ் ஏத்து. இல்ல, நான் தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வெளியேறுறேன்."

நூகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் செருப்புகூட இல்லை.

உம்மு சல்மா, கதவுக்குப் பின்னால் நின்ற ருக்சானாவைப் பார்த்தாள். "நீ சொல்லு. தினம் என்னத்த முழுங்குற?"

ருக்சானா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டா. பருவுக்கு மாத்திரை திங்கிறா. டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனவ நான்."

"கேட்டீகளா! அவளே ஒத்துக்கிட்டா! குழம்புல இல்ல, மாத்திரையில வச்சிருக்கா!" என்று குதித்தான் அசாருதீன். குதித்ததில் சட்டி கைநழுவி விழுந்து உடைந்தது.

உம்மு சல்மா அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் அழவில்லை.

"மாத்திரை அட்டைய எடு. டாக்டரம்மாகிட்டயே போவோம். என் கையிலதான் கோளாறுன்னா நானே போயிருறேன், இந்த வாசல் மிதிக்க மாட்டேன். கோளாறு இல்லைன்னா, இதே எடத்துல, இதே ஆளுகளுக்கு முன்னாடி நீ சொல்லணும்."

நோன்பு திறந்ததும் கிளம்பினார்கள். ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. வீணாகப் போகிறதே என்று ஏறிக்கொண்டேன்.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், ருக்சானாவைப் பார்த்தார்.

"எப்ப போடுறே?"

"சகர் முடிக்கும்போது, பாங்குக்குக் கொஞ்சம் முன்னாடி."

"தண்ணி எவ்வளவு?"

"ஒரு மடக்கு. பாங்கு சொல்லிருவாகளே."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரம் படுப்பேன்."

"நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. அவர் முகத்தில் நல்லது எதுவும் இல்லை. "ஒரு தம்ளர் நிறையத் தண்ணி, அரைமணி நேரம் படுக்கக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? மாத்திரை இறங்காம நெஞ்சுக்குழாயில ஒட்டிக் கரைஞ்சு புண்ணாக்கியிருக்கு. இத நிறுத்து. சிரப் எழுதித் தர்றேன். ஒரு வாரத்துக்கு நோன்பு வேண்டாம், கஞ்சி மட்டும் குடி."

"சாப்பாட்டுல எதுவும்…" என்று இழுத்தான் அசாருதீன்.

"கடைசியா ரெண்டு வாய் சோறு சேர்த்துத் தின்னிருந்தாலாவது மாத்திரையைத் தள்ளிவிட்டிருக்கும்."

திரும்பி வந்து தெருவில் இறங்கியதும் அசாருதீன் விறுவிறுவென்று வீட்டுக்குள் நுழையப் பார்த்தான். உம்மு சல்மா சட்டி உடைந்து கிடந்த இடத்தில் நின்றுகொண்டாள்.

"சொல்லு."

"உள்ள போய்ப் பேசுவோம், வாங்க மைனி."

"தெருவுல துப்புனத அடுக்களையில வந்து துடைக்க முடியாதுலே."

பதினோரு பேரில் சிலர் வீட்டுக்குள் போயிருந்தார்கள். அவர்களை அழைத்துவருகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அவர்களுக்கு மேல் கூடுதலாக ஏழு பேரும் வந்தார்கள்.

"மைனி மேல தப்பு இல்ல" என்றான், தன் சட்டைப் பொத்தானிடம்.

"சத்தமா."

"அவுக விஷம் வைக்கல! பருவுக்குப் போட்ட மாத்திரை நெஞ்சுக்குள்ள சிக்கிக்கிச்சு! போதுமா?"

ருக்சானா ஓவென்று அழுதாள். "ஊருக்கே சொல்லிட்டான்! விடியறதுக்குள்ள சிவகாசிக்குப் போயிரும். எல்லாம் ஒங்களாலதான் மைனி!"

"நீ அப்பவே வாயத் திறந்திருந்தா வீட்டுக்குள்ளயே முடிஞ்சிருக்கும். நான் பழி சுமக்கணும், நீ கல்யாணப் பொண்ணாச் சிரிக்கணும். அதான நெனச்ச?"

ருக்சானா மூக்கைச் சிந்தினாள். மூக்கைச் சிந்தினாள்.

உம்மு சல்மா உள்ளே போனாள். அடுக்களைக்குத்தான் போகிறாள் என்று நினைத்து எல்லோரும் கலையத் தொடங்கினார்கள். நான் கலையவில்லை. ஐந்து நிமிடத்தில் கைப்பையோடு வந்தாள்.

நூகு அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார். "எங்க?"

"ஏழாயிரம்பண்ணைக்கு."

"அதான் நீ ஒண்ணும் செய்யலைன்னு ஆயிருச்சே."

"ஆகட்டும்னுதான் இம்புட்டு நேரம் நின்னேன். அவன் பஸ் ஏத்திவிட்டுப் போயிருந்தா திரும்பி வர வழி இல்ல. இப்ப நானாப் போறேன். வரத் தோணினா வருவேன்."

"இவளுக்குக் கஞ்சி?" என்றான் அசாருதீன்.

அவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நூகு பையை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தார். கட்டிய மனைவியின் பக்கம் அவர் நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருண்டது. "இதைக் கஞ்சின்னு சொல்லுவியா?" என்று ருக்சானா கம்மிய குரலில் கத்தினாள். "திங்கிறதுன்னா தின்னு, இல்லாட்டிக் கிட" என்று அசாருதீன் கத்தினான். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரோரமாக என்னைக் கூப்பிடும் அவன் குரல் வந்தது, தேனொழுக.

"கற்பகவல்லியக்கா! ரவைக் கஞ்சிக்குத் தண்ணி எம்புட்டு ஊத்தணும்? கட்டிகட்டியா வருது."

காதில் விழுந்தது. ஆனால் சிவகாசிக்காரர்களைத் தெரிந்த ஒருத்தியோடு நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.