மூன்று அட்டை மாத்திரை

வேலை முடிந்த மணி அடித்ததும் பெண்கள் வரிசை கேட்டிலிருந்து கேன்டீன் சுவர்வரை நீண்டது. பக்கத்திலேயே ஆண்கள் வரிசை. அது விறுவிறுவென்று நகரும்; பாக்கெட்டைத் தட்டிப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். பெண்களுக்குத்தான் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு பெண் காவலாளி, அவள் கையில் உலோகம் கண்டால் கத்துகிற கறுப்புக் கோல். உள்ளே செய்வது மின்விசிறி மோட்டார். செம்புக் கம்பி வெளியே போகிறதாம். யார் கொண்டுபோகிறார்கள் என்று தெரியாததால் எல்லோரையும் தடவிப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது.

எல்லோர் கையிலும் கம்பெனி கொடுத்த கண்ணாடிப் பை. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக். "சோதனை சீக்கிரம் முடியும். உங்க நல்லதுக்குத்தான்" என்று சொல்லித்தான் மேனேஜர் கொடுத்தார். அந்த நல்லது வந்த நாளிலிருந்து யாருக்கு மூலத்துக்குக் களிம்பு, யார் தலைக்குச் சாயம், யாருக்கு இன்று மாதவிலக்கு என்பதெல்லாம் ஆண்கள் வரிசைக்கும் அத்துப்படி. பெண்கள் பொருள்களைத் துணியில் சுற்றிவைத்துப் பார்த்தார்கள். பைக்குள் துணி கூடாது என்று மறுநாளே நோட்டீஸ் ஒட்டினார்கள்.

ராக்கெட் வரிசையின் நடுவில் நின்றாள். அவளைவிட மெதுவாக நடப்பவர் அந்தக் கம்பெனியில் யாரும் இல்லை என்பதால் அந்தப் பெயர். நடைதான் மெது. செம்புச் சுருளை இரும்பு வளையத்தின் பள்ளங்களில் செருகி நூலால் கட்டுவதில் அவள் கை பறக்கும்.

"என்னடி, இன்னிக்குக் கொண்டை இவ்ளோ பெருசு? உள்ள பன்னு கின்னு வச்சிருக்கியா?" என்றாள் பின்னால் நின்ற பெரியக்கா.

"சும்மா இரு அக்கா."

"எலிவால் முடிக்கு இது ரொம்ப ஓவரு."

ராக்கெட் திரும்பிப் பார்த்தாள். பெரியக்காவின் சிரிப்பு அடங்கியது. காலையில் ராக்கெட் அரை நாள் பர்மிஷன் போட்டது ஆஸ்பத்திரிக்குத்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். மேஜையில் பக்கத்தில் உட்காருகிறவளாயிற்றே என்று அவளிடம் மட்டும் ராக்கெட் சொல்லிவைத்திருந்தாள். "நான் எப்பவாவது விழுந்துட்டா ஒருக்களிச்சுப் படுக்க வை அக்கா. வாயில எதையும் திணிச்சிடாதே." சொன்னதோடு சரி. நாலு வருஷமாக அவள் விழவே இல்லை. மூன்று வேளை மாத்திரை அவளை நிற்கவைத்திருந்தது.

மதிய மாத்திரை ஒன்றைக் கைக்குட்டை நுனியில் முடிந்து கொண்டுவருவாள், சாப்பாட்டோடு விழுங்கிவிடுவாள். மாலையில் பிடிபட எதுவும் இருக்காது. ஆனால் ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒருமுறைதான் மாத்திரை. வாங்கியதை வீட்டில் வைத்துவிட்டு வர நேரமில்லை. முப்பது முப்பதாக இருந்த மூன்று அட்டைகளையும் சுருட்டிக் கொண்டைக்குள் வைத்து ஊசி குத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

"கோல் கத்துமேடி" என்று பெரியக்கா முணுமுணுத்தாள்.

"தலையில வச்சா எல்லாருக்கும்தானே கத்துது. கொண்டை ஊசின்னு விட்ருவாங்க."

அவள் முறை வந்தது. திரை மேலிருந்து முழங்கால்வரை தொங்கும். உள்ளே நடப்பது வெளியே தெரியாது, ஆனால் கேட்கும். காவலாளி போன வருஷம்வரை இவர்கள் மேஜையில் நூல் கட்டியவள். பெண்கள் எதை எங்கே வைப்பார்கள் என்று தெரிந்தவள் என்பதற்காகவே அவளுக்கு அந்த உடுப்பைக் கொடுத்திருந்தார்கள். அவள் கை தோளில் இறங்கி, மார்புக்கு அடியில் போய், இடுப்பைச் சுற்றி வந்தது. ராக்கெட் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோல் தலைக்கு மேலே வந்ததும் கத்தியது.

"ஊசிக்கா."

"எடுத்துத் தட்டுல போடு. இன்னிலேருந்து அப்படித்தான்."

"இது எப்பச் சொன்னாங்க?"

"மத்தியானம் சொன்னாங்க. என்னைத் தப்பா நினைக்காதே. ஒண்ணு தப்பிப் போச்சுன்னா என் வேலை போயிடும்."

ராக்கெட் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கொண்டை தளர்ந்தது. கோல் மறுபடியும் கத்தியது.

"மாத்திரைக்கா" என்றாள் காதோடு. "வெறும் மாத்திரை. அட்டையில இருக்கிற தகரத்தாளுக்குக் கத்துது. உனக்குத் தெரியாததா? விட்ருக்கா."

காவலாளி அட்டைகளைக் கையில் வாங்கிப் புரட்டினாள். திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தாள் போலிருக்கிறது. கை பாதி தூரம் நீண்டது.

"என்ன அங்க ரெண்டு தடவ சத்தம்?" என்று வெளியே சூப்பர்வைசரின் குரல். திரைக்குள் அவன் கை நுழைந்தது. விரல்களை ஆட்டியது. காவலாளி அந்தக் கையில் அட்டைகளை வைத்தாள்.

ராக்கெட் அவிழ்ந்த தலையோடு வெளியே ஓடிவந்தபோது அவன் அட்டையைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "சார், அது என்னுது. குடுங்க." அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போன் சொன்னதை ஊருக்கே கேட்கும்படி வாசித்தான்.

"வலிப்பு நோய்க்கு. அடேங்கப்பா, உனக்கு வலிப்பா? இத்தனை நாளா சொல்லவே இல்ல?"

ஆண்கள் வரிசை நகர்வதை நிறுத்தியது. யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். அந்தப் பாவம்தான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உடுப்பு முழுவதையும் அவிழ்த்து நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. "அதுல செம்பு இருக்கா சார்? செம்பு இல்லேல்ல? அப்புறம் என்ன, குடுங்க!" என்று கத்தினாள்.

"மறைச்சு வச்சதுதானே? நாளைக்கு மேனேஜர்கிட்ட பேசிக்க" என்று அட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டில் பழைய அட்டையில் ஒரே ஒரு மாத்திரை மிச்சம் இருந்தது. அதை விழுங்கினாள். விடிந்ததும் கணவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். இந்த மாதத்துக்கு வாங்கியாகிவிட்டது, அடுத்த மாதம் வரச்சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். கம்பெனி பிடுங்கிக்கொண்டது என்று அவன் சொன்னதை அங்கே யாரும் நம்பவில்லை.

மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் அவளை நாள் முழுக்கக் காத்திருக்க வைத்தார்கள். காலை வேளை தப்பிற்று. மதியமும் தப்பிற்று. கை நடுங்குகிறதா என்று அடிக்கொருதரம் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள். வெயில் சாய்ந்த பிறகுதான் கூப்பிட்டார்கள்.

"உக்காரும்மா" என்றார் மேனேஜர். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தமாட்டார். "இது திருட்டுக் கேஸ் இல்ல. இன்னும் சொல்லப்போனா, செம்பு எடுத்திருந்தாக்கூட முதல் தடவைன்னு எச்சரிச்சு வச்சிருப்போம். இது வேற. நீ மெஷின்ல விழுந்தா யாரு பொறுப்பு?"

"நான் மெஷின்லயே இல்ல சார். நூல் கட்டுறேன். நூல் கட்டுறவள எந்த மெஷின் இழுக்கும்?"

"எங்கிட்ட மறைச்சியே, அது தப்பு இல்லையா?"

"என் உடம்புல இருக்கறத உங்ககிட்ட எதுக்கு சார் காட்டணும்? செம்பு தேடினீங்க. கிடைக்கல. அத்தோட கைய எடுத்திருக்கணும்."

அவர் பேனாவை மூடிவைத்தார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வீட்ல இரு, உடம்பப் பாத்துக்க. நாளைலேருந்து வரவேணாம்."

அவருடைய நல்லது அவளுக்கு ஏற்கெனவே பழக்கம்தான். "அப்ப என் மாத்திரையக் குடுங்க. அது இருந்தாத்தான் உடம்பப் பாத்துக்க முடியும்."

"அது கேட்ல இருக்கு. விசாரணை முடியட்டும், தருவாங்க."

"வேலையே போயிடுச்சே சார். இன்னும் என்ன விசாரணை?"

அவர் வேறொரு கோப்பை இழுத்துத் திறந்தார். மாலை மணி அடித்தது.

வேலை நேரத்தில் போடும் மேல்கோட்டைக் கழற்றி ஒப்படைக்கச் சொன்னார்கள். கண்ணாடிப் பையும் கம்பெனிச் சொத்தாம், அதையும் வாங்கிக்கொண்டார்கள். டிபன் பாக்ஸ், சீப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு ராக்கெட் கேட்டுக்கு வந்தாள். வரிசையில் அத்தனை பெண்களும் யாரும் சொல்லாமலே தலையை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கொண்டை ஊசிகள் வாயில், உதடுகளுக்கு நடுவே. அதனால் யாரும் பேசவில்லை. பெரியக்கா மட்டும் ஊசிகளைத் துப்பினாள்.

"அவ மாத்திரையக் குடுத்து அனுப்புய்யா. நாசமாப் போறவனே, அது இல்லேன்னா அவ விழுந்துருவா!"

சூப்பர்வைசர் அவளைப் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த பையைப் பார்த்தான். உள்ளே கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து. பெரியக்கா பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் நின்றவர்களுக்கும் அது தெரிந்தது.

திரைக்குள் காவலாளி ராக்கெட்டின் முகத்தைப் பார்க்காமல் கோலை ஓட்டினாள்.

"வேலையவிட்டுப் போறவளையுமா தடவணும்?"

"ரூலு" என்றாள் காவலாளி. கோல் தோளில், இடுப்பில், தலையில் போய்வந்தது. கத்தவில்லை. "ஒண்ணும் இல்ல. போ."

கேட்டை ஒட்டிச் சுவரில் பூட்டிய ஒரு கண்ணாடிப் பெட்டி. 'பிடிபட்டவை' என்று மேலே எழுதியிருக்கும். பார்த்துப் பயப்படட்டும் என்று வைத்தது. உள்ளே செம்புக் கம்பித் துண்டுகள், இரட்டை அடி வைத்த ஒரு டிபன் பாக்ஸ். அவற்றுக்கு நடுவில் அவளுடைய மூன்று அட்டைகளும் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தன. சாய்ந்த வெயிலில் செம்பைவிட அவைதான் அதிகம் மின்னின. ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. நேற்று மதியத்து மாத்திரை பழைய அட்டையில் எடுத்தது. ராக்கெட் பெட்டிக்கு நேராக நின்றாள். நெற்றி கண்ணாடியில் பட்டது. இடது கையில் சுண்டுவிரல் தானாக ஒருமுறை துடித்து நின்றது.

"அங்க நிக்காதம்மா" என்றான் சூப்பர்வைசர் பின்னாலிருந்து. "வரிசை நகரணும்."