கியர் சீட்

விறைத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக வெள்ளைக் கையுறைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள் டின்சி. பெற்ற அம்மாவின் கைதான். ஆனாலும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வலது உள்ளங்கையின் நடுவில் வட்டமாக ஒரு கன்றல், நாவல்பழ நிறத்தில்.

"வலது கைக்கு மொதல்ல போட்டுரு," என்றான் கதவோரம் நின்ற ஜோமோன். அவள் புருசன். கையுறையை வாங்கி வந்தவனும் அவன்தான். நெற்றியைச் சுற்றிக் கட்டு.

டின்சி நிமிரவில்லை. ஜீப் கவிழ்ந்ததிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டியவன் அவன். செத்தது அம்மா.

வாசலில் செருப்புகள் சிதறின. கம்பம் ஊரிலிருந்து வந்து இறங்கிய அண்ணன் ரிஞ்சு, நேரே ஜோமோனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"ஏலே, எங்கம்மா மொகத்தப் பாக்க ஒனக்கு என்னலே யோக்கியத இருக்கு?"

ரிஞ்சு பிடியை இறுக்கினான்.

"இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு. கவுந்து கெடந்த வண்டியில கியரு நியூட்ரல்ல இருந்திருக்கு. எறக்கத்துல நியூட்ரல்! வண்டி எப்பிடி நிக்கும்? அம்மா தானாவா தட்டும்? நீ சொன்னாத்தான தட்டும்?"

டிரைவருக்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பவர் கியர் மாற்றுவது அந்தப் பக்கத்து டிரிப் ஜீப்புகளின் வழக்கம். ஏலக்காய்க் காட்டு வேலைக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு போகும்போது டிரைவருக்கு வலப்பக்கமும் ஓர் ஆள் ஒண்டியிருக்கும், இடப்பக்கமும் இடுப்பு முட்டும். கியர்க் கம்பி வரைக்கும் அவன் கை போகாது. பக்கத்தில் உட்காருகிற பெண்தான் மாற்ற வேண்டும். 'ரெண்டு' என்று அவன் கத்தினால் ரெண்டு. 'மூணு' என்றால் மூணு. அந்தக் கியர் சீட் டின்சியின் அம்மா செபமாலையம்மாளுடையது. மகன் ரிஞ்சு அந்த ஜீப்பை ஓட்டிய காலத்தில் உட்கார்ந்தவள், அவன் கம்பத்துக்கு லாரி ஓட்டப் போய் மருமகன் கைக்குச் சாவி வந்த பிறகும் இடத்தை விடவில்லை. லைசென்ஸ் இல்லாத டிரைவர் என்று மற்ற பெண்கள் கிண்டலடித்தால் கழுத்தை வெட்டிச் சிரிப்பாள்.

"சொல்லுலே! நியூட்ரல் போடச் சொன்னியா, இல்லியா?"

ஜோமோன் தரையைப் பார்த்தான்.

"வாயத் தொறக்கானா பாரு. தொறந்தா மாட்டிக்கிருவான்." ரிஞ்சு தங்கையிடம் திரும்பினான். "ஏட்டி டின்சி, அடக்கம் முடிஞ்சதும் நேரா ஸ்டேஷன். எறக்கத்துல இவன் எப்பவும் நியூட்ரல்லதான் பறப்பான்னு நீயும் எழுதிக் குடுக்கணும். பொண்டாட்டியே சொன்னா ஜெயிலு நிச்சயம். மாட்டேன்னா எனக்குத் தங்கச்சியே கெடையாது."

டின்சி கையுறையின் விளிம்பை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். அதன்மேல் ஜெபமாலையைச் சுற்றினாள்.

"எழுதிக் குடுக்கேன்," என்றாள்.

அப்போதுதான் ஜோமோன் அவளைப் பார்த்தான். பிறகு வெளியே போய்விட்டான்.

கல்லறைத் தோட்டம் மலைச்சரிவின் அடியில். சவப்பெட்டியைத் தோளில் சுமந்து இறங்க முடியாத செங்குத்து. பக்கத்து வீட்டு ஜீப்பில் ஏற்றினார்கள். தூக்க வந்த ஜோமோனை ரிஞ்சு முழங்கையால் இடித்துத் தள்ளினான்.

"கல்லறப் பக்கம் வந்த, ஒன்னையும் சேத்து மூடிருவேன். தள்ளு! எங்கம்மாவ நான் கொண்டுபோறேன்."

டிரைவர் சீட்டில் அவனே ஏறினான். பின்னால் மூடாத பெட்டிக்கு ஒருபுறம் டின்சி, மறுபுறம் மாரித்தாய். அம்மாவோடு வேலைக்குப் போகிறவள். அந்த ஜீப்பிலும் அம்மாவுக்கு நேர் பின்னால் இருந்தவள். ஒடிந்த கையைத் துண்டில் தொட்டில் கட்டியிருந்தாள். மற்றவர்கள் ஜெபம் சொல்லிக்கொண்டே நடந்து வந்தார்கள்.

வளைவு தாண்டி ஜீப் இறக்கத்தில் தலைசாய்த்ததும் எஞ்சினின் உறுமல் சட்டென்று முனகலாக அடங்கியது. வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பெட்டி கிரீச்சென்று முன்னால் நகர்ந்தது. நடந்து வந்தவர்கள் பின்னால் சிறுத்துக்கொண்டே போனார்கள்.

மாரித்தாயின் நல்ல கை டின்சியின் முழங்காலைக் கவ்வியது. "எய்யா ரிஞ்சு! கியரப் போடுய்யா!"

"சும்மா வா சித்தி. எறக்கத்துல எதுக்கு டீசலக் குடிக்க விடணும்? நான் ஓட்டாத ரோடா?"

டின்சி எட்டிப் பார்த்தாள். அண்ணனின் இடது கை கியர்க் குமிழின் மேல் கிடந்தது. உருண்டையான கறுப்புக் குமிழ். அவள் பார்வை பெட்டிக்குத் திரும்பி, வெள்ளைக் கையுறையில் போய் நின்றது.

"சித்தி, அன்னைக்கு அவரு என்ன சொன்னாரு?"

மாரித்தாய் உதட்டைக் கடித்தாள்.

"சொல்லு சித்தி!"

"ரெண்டுன்னுதான் சொன்னான்." கிழவி உடைந்தாள். "ரெண்டு, அத்தே, ரெண்டுன்னு தொண்ட கிழியக் கத்துனான். ஆமைன்னு நாங்க ஏசுனாலும் ஒம் புருசன் எறக்கத்துல ரெண்டாங் கியர விட்டதே கெடையாதுட்டி."

"அப்ப நியூட்ரலு?"

"யாரும் சொல்லல. ரிஞ்சு ஓட்டுனப்ப அந்த எறக்கம் வந்தா 'தட்டும்மா'ம்பான், அக்கா தட்டும். அன்னைக்கு நேரமாயிருச்சு. லேட்டாப் போனா வேலையில்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க. அந்த அவசரத்துல, பழகுன கை தானாத் தட்டிருச்சு. பெறகு வண்டி பிச்சுக்கிட்டு ஓடுது. பிரேக்கு காஞ்சு நாத்தம் வருது. அக்கா ரெண்டாவதப் போடப் போட, வேகத்துல கியரு விழவே இல்ல. கவுருற வரைக்கும் உள்ளங்கைய வச்சு அமுக்கிக்கிட்டேதான் இருந்துச்சு."

"அவரு ஏன் வாயத் தொறக்கல?"

"ஆஸ்பத்திரியில எங் காலப் புடிச்சிட்டான். செத்தவங்க மேல பழி வேண்டாம் சித்தி, எம் மேலயே இருக்கட்டும்னு."

எஞ்சின் அடங்கிய வண்டிக்குள் ஒவ்வொரு சொல்லும் முன்சீட்டுவரை போனது.

ரிஞ்சு திரும்பவில்லை. குமிழின் மேலிருந்த விரல்கள் விரிந்தன, சுட்டுவிட்டது போல. பிரேக் முனகியது. வண்டி தயங்கியது. பிறகு கிளட்ச் மிதிபட்டது. ஒரு குலுக்கல். எஞ்சின் உறுமியது.

இரண்டாவது கியர்.

பின்னால் சிறுத்துப்போயிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில், தலையில் கட்டோடு, ஜோமோன்.