கள்ளனுக்கு எழுதிய கடிதம்

"உங்கட கடிதம்தான் அண்ணை உங்களைக் கவிழ்த்திருக்கு" என்றார் சண்முகராசா.

ஊரில் சட்டத்தரணியாக இருந்தவர். இப்போது வெளிநாட்டில், செவன் கிங்ஸ் என்ற இடத்தில், கோழிக்கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். எதிரே கிருஷ்ணராசாவும் அவர் மனைவி கலாவதியும்.

கலாவதியின் சீதனம், ஊரில் உரும்பிராயில் இருக்கும் பத்துப் பரப்புத் தோட்டக் காணி. 1990இல் அவர்கள் வெளிநாடு வந்ததிலிருந்து அவளுடைய அண்ணன் செல்வரத்தினம் அங்கே வெங்காயம் நடுகிறார். இப்போது, 2004இல், 'பத்து வருடத்துக்கு மேல் ஆண்டுவிட்டேன், காணி எனக்கே' என்று வழக்குப் போட்டிருந்தார். சாட்சிக்கு, கிருஷ்ணராசா 1993இல் அவருக்கு எழுதிய கடிதம்: 'கேட்காமல் எங்கள் காணியைப் பிடித்த கள்ளனுக்கு...'

"கள்ளனைக் கள்ளன் எண்டது பிழையோ?"

"கேக்காமல் பிடிச்சுப் பத்து வருசம் வைச்சிருந்தால் காணி அவருக்கு. நீங்கள் வாயாலயாவது 'செய்யுங்கோ' எண்டு குடுத்திருந்தால், எத்தினை வருசம் போனாலும் உங்களுக்கு."

"நில்லுங்கோ. களவெடுத்தால் அவருக்கு, குடுத்திருந்தால் எனக்கோ?"

"ஓம்."

"உது என்ன கோதாரிச் சட்டம்! தலைகீழாய் நிக்குது!"

கலாவதி கைப்பையின் வாரைத் திருகினாள். "நான் குடுத்தனான்."

"சும்மா இரும். வழக்குக்காகப் பொய் சொல்லாதையும்."

"பொய் சொன்னது அப்ப. நீங்கள் காணியை வித்துக் கடை போடப்போறன் எண்டு நிண்டியள். வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அண்டைக்குப் பஸ்ஸடியில வைச்சு அண்ணையிட்டச் சொன்னன், 'செய்யுங்கோ, நான் கேக்கேக்க தாங்கோ' எண்டு. உங்களுக்கு அவர் பிடிச்சிட்டார் எண்டு சொன்னன்."

கிருஷ்ணராசா சட்டத்தரணியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் நான் ஏசினது ஆரை?"

"பஸ்ஸடியில வேற ஆரும் நிண்டவையோ?" என்றார் சண்முகராசா.

"அண்ணை மட்டும்தான்."

சட்டத்தரணி பேனையை மூடினார். செல்வரத்தினம் உண்மை சொன்னால் அவரே வழக்கில் தோற்பார்.

கீழே இறங்கியதும் கிருஷ்ணராசா ஒரு போன் கார்ட் வாங்கி, எண்ணைச் சுரண்டி நீட்டினார். கலாவதி அழைத்தாள்.

"அண்ணை, பஸ்ஸடியில சொன்னது ஞாபகம் இருக்கோ?"



"இருக்குப் பிள்ளை. நீ கேக்கேக்க தரச் சொன்னனி. நீ ஒருநாளும் கேக்கேல்லையே. உன்ர மனிசன்தான் கள்ளன் எண்டு எழுதினவர்."

 

"இப்ப கேக்கிறன், அண்ணை."

"வெங்காயம் கிண்டி எடுக்க இன்னும் ஒரு மாசம் கிடக்கு" என்றார் அவர். தொடர்பு அறுந்தது.

"என்னவாம்? தாறாராமோ, இல்லையாமோ?"

கலாவதி போன் கார்டைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"வெங்காயம் கிண்டி முடியட்டாம்."