தொடாமல் காய்த்த தக்காளி

பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தியபோது அப்பா ஒரு வாக்குக் கொடுத்தார். காந்திமதி டீச்சர் தந்த விதையில் தக்காளி பழுத்தால், நானே விழுப்புரம் போய் அதை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வரலாம். வயசுக்கு வந்த பெண் கோலியனூரிலிருந்து தினம் பஸ் ஏற வேண்டாம், ஒரு நாள் போகலாம் என்றார். ஒரு நாள் போதும் என்றுதான் அழுகையோடு நானும் நினைத்தேன்.

மாட்டுக்கொட்டகைக்கும் மதிலுக்கும் நடுவில் விதை போட்டேன். ஆடு வராத இடம். காற்றும் வராத இடம் என்று பிறகுதான் தெரிந்தது. தை மாதம் செடி இடுப்பளவு வளர்ந்து மஞ்சளாகப் பூத்தது. பூத்ததெல்லாம் காம்போடு உதிர்ந்தது. சாணி அள்ளப் போகும்போது குனிந்து பொறுக்குவேன்.

அம்மாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. “சும்மா தொட்டுக்கினே இருந்தா எப்படிடி நிக்கும்? வயசுக்கு வந்த பொண்ணு கை பட்டா பூச்செடி தாங்காது. பங்குனி வரைக்கும் பாப்பேன். அப்புறம் புடுங்கிட்டு கத்திரி வெச்சிடுவேன்.”

அடுத்த வீட்டுச் செண்பகம் இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள். நான் இல்லாமல் நடந்த விஞ்ஞானப் பாடத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று படித்துக் காட்டினாள். பூவுக்குள் இருக்கும் தூள் உள்ளேயே நடுத்தண்டின் நுனியில் விழ வேண்டுமாம். காற்று ஆட்டும், இல்லையென்றால் வண்டு ஆட்டும். “உன் செடிகிட்ட மாடுதான்டி வருது” என்று சிரித்தாள்.

மாசியில் எனக்கு அந்த மூன்று நாள் வந்தது. அப்போது என் பாயும் தம்ளரும் கொட்டகைக்குப் பின்னால், செடிக்குப் பக்கத்தில்தான். வேலை சொல்ல யாரும் கிட்டே வரமாட்டார்கள். செடிமேல் கை வைக்காதே என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மா போனாள்.

நான் கை வைக்கவில்லை. பழைய துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி, வெயில் ஏறியதும் ஒவ்வொரு பூக்கொத்தையும் மெல்லத் தட்டினேன். குச்சி நுனியில் மஞ்சள் தூள் ஒட்டியது. மூன்று நாளும் தட்டினேன்.

பத்து நாள் கழித்து, வாடிய பூவுக்குப் பின்னால் மிளகளவு பச்சை. நான்கு. அம்மாதான் முதலில் பார்த்தாள்.

“பாத்தியா? மூணு நாள் நீ தொடல, நின்னுடுச்சு. இனிமே அந்தப் பக்கமே போவாதே.”

சரிம்மா என்றேன். அதன்பின் அம்மாவே தண்ணீர் ஊற்றினாள். நான் அம்மிக்கருகில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி முடியப்போகிறது. பெரிய காய் எலுமிச்சையளவு வந்தும் பச்சை மாறவில்லை. வெள்ளிக்கிழமையோடு பள்ளிக்கூடம் லீவு, டீச்சருக்குக் கடலூருக்கு மாற்றல், திரும்ப வரமாட்டார்கள் என்று செண்பகம் சொன்னாள்.

வியாழன் காலை அப்பா மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை.

“காயா இருந்தா போகக் கூடாதாப்பா?”

கயிற்றைப் பிடித்தபடி செடியையே பார்த்தார். பிறகு கேட்டார், “எட்டரை மணி பஸ்ஸு தானே?”

மறுநாள் அம்மாதான் பறித்தாள். என்னைத் தொடவிடாமல், பஸ் வரும்வரை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். ஏறியதும் ஜன்னல் வழியே அம்மாவிடம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். செடியில் இன்னும் மூன்று காய் இருக்கிறது. அதையெல்லாம் இனி எந்த டீச்சருக்குக் கொண்டுபோகலாம் என்று விழுப்புரம் வரும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.