மூக்கண்ணன் சொன்னால் போதும்

புது ஃபில்டர் பெட்டி ஜன்னலோரம் நின்றது. முன்னால் கண்ணாடி, கை விட்டு வேலை பார்க்க ஒரு திறப்பு, தலைக்கு மேல் கரி ஃபில்டர். ரசாயன ஆவியை இழுத்து, வடிகட்டி, அறைக்கே திருப்பி விடும். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இங்கேயே இருக்கட்டும், சுவரை உடைத்துக் குழாய் போடுகிற தொல்லை வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாக்கி, மூக்கண்ணன் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைதான்.

அந்த ஆய்வகத்தில் அப்படித்தான் வழக்கம். எந்தக் குப்பி சரியாக மூடவில்லை என்று வாசலிலிருந்தே சொல்லிவிடுகிற மூக்கு அது. அவர் நிஜப் பெயர் எல்லோருக்கும் மறந்தே போயிற்று. மனைவிகூட மூக்கண்ணன் என்றுதான் திட்டுவாள்.

போன மாதக் காய்ச்சலோடு அந்த மூக்கு போய்விட்டது. காபியும் வெந்நீரும் அவருக்கு இப்போது ஒன்றுதான். சோப்பு, மழை, மனைவியின் தலைமுடி எல்லாம் நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு எங்கோ மிதந்து போயின. யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. சொன்னால் வெறும் குப்பி கழுவுகிற ஆளாகிவிடுவோம் என்று பயம்.

பெட்டியை ஓட விட்டு, உள்ளே கரைப்பான் குப்பியைத் திறந்து வைத்தார். தங்கச்சி கதவோரம் நின்றாள். கூடப் பிறந்தவள் இல்லை, கூட வேலை பார்ப்பவள். ஆறாவது மாதம். இந்தப் பெட்டி முன்னால் நாளெல்லாம் உட்காரப் போகிறவள் அவள்தான்.

"வாசனை வெளிய வருதாண்ணா? நீங்க இல்லன்னு சொன்னா கண்ண மூடிட்டு உக்காந்துடுவேன்."

மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. 'இல்ல' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அது பொய்கூட ஆகாது. ஜன்னல் திரை மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. அவளும் வயிற்றில் கை வைத்தபடி அதே நிதானத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். "ஒரு மாசமா எதுவுமே தெரியல."

வெட்கத்தில் காது சுட்டது. குப்பியை மூடினார்.

"அதான் நான் தீய விட்ட சாப்பாட்ட அன்னிக்கு நல்லாருக்குன்னு சொன்னீங்களா," என்றாள் அவள்.

பஞ்சிலிருந்து ஓர் இழை உருவி, திறப்புக்கு முன்னால் பிடித்தாள். இழை உள்ளே வளைந்தது. திரை உப்பியதும் தடுமாறி, திரும்பி, அவள் கன்னத்தில் வந்து ஒட்டியது. அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜன்னல் காத்து உள்ள இருக்கறத வெளிய இழுக்குதுண்ணா. அந்த மூலைல வெப்போம். குழாயும் வெளிய விடணும். மேலாளர்கிட்ட நீங்களும் வந்து சொல்லணும்ணா. எல்லாத்தையும்."

"சொல்றேன்."

இழையை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போனார். கையை நீட்டி, மூச்சை அடக்கி நின்றார். இழை கொஞ்சம் ஆடியது. பிறகு நேராகத் தொங்கியது.