குழிந்த கல்

காலையில் கழுவி எடுக்கும்போது தீட்டுக்கல் அவளுடைய ஈரக் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து இரண்டு துண்டாகிப் போனது. கல்யாணமான புதிதில் கணவர் வாங்கிக் கொடுத்த கல். நகை வாங்கித் தருவார் என்று காத்திருந்தவளுக்குக் கல்லைத் தூக்கிக் கொடுத்த மகராசன் என்று அவள் தங்கை இன்றைக்கும் கேலி பேசுவாள்.

அந்தக் கேலியில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். கணவர் சலூன் வைத்திருக்கிறார். முடி வெட்டுவதும் சவரம் செய்வதும் அவரும் அவர் தம்பியும். கத்தி தீட்டுவது மட்டும் அவள். மடக்குக் கத்திகள் தகரப் பெட்டியில் சாயங்காலம் வீட்டுக்கு வரும், காலையில் கூர் ஏறிக் கடைக்குப் போகும். கடைப் பலகையில் அவள் பெயர் கிடையாது, கல்லாவில் கை கிடையாது. அந்தப் பெட்டிதான் அவளுடைய பங்கு. "நான் கை வைக்கலன்னா அண்ணனும் தம்பியும் உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்று கொழுந்தனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி.

"இன்னைக்கு எப்படிங்க போச்சு?"

"வெண்ணெய்ல போற மாதிரி போச்சு."

ஆரம்பத்தில் தீட்டிய கத்தியை முன்கை ரோமத்தில் வைத்துப் பார்ப்பாள். அப்புறம் விட்டுவிட்டாள். நாள் முழுக்க முகத்தில் ஓட்டுகிற மனிதரே நல்லாயிருக்கிறது என்று சொல்லும்போது, ரோமத்திடம் போய் எதற்குக் கேட்க வேண்டும்?

கல் உடைந்ததைக் கணவரிடம் சொல்லவில்லை. அவரைவிட நல்ல கல்லாகப் பார்த்து வாங்கி வந்து அசத்திவிடலாம் என்று நினைப்பு. பெட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தனுப்பினாள். வீட்டு வேலை முடிந்ததும், உடைந்த துண்டையும் கத்தியையும் பையில் போட்டுக்கொண்டு சலூன் சாமான் விற்கிற கடைக்குக் கிளம்பினாள்.

கடைக்காரர் ஏழெட்டுக் கற்களை மேசையில் பரப்பினார். அவள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் தெளித்து, எது சட்டென்று குடிக்கிறது, எது மேலேயே நிறுத்தி வைக்கிறது என்று பார்த்தாள். நகத்தால் இழுத்துப் பார்த்தாள். சுண்டிக் காதருகே வைத்தாள்.

"உங்க வீட்டுக்காரரைக்கூட இவ்வளவு பாத்துக் கட்டியிருக்க மாட்டீங்க" என்றார் கடைக்காரர்.

"அவரு நான் வாக்கப்பட்ட கல்லு, மாத்த முடியாது. இது மாத்திக்கலாம்ல" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சோதித்துப் பார்க்கக் கத்தியை நீட்டினாள். அவர் வாங்கித் தன் முன்கையில் ஓட்டினார். ரோமம் படுத்து எழுந்ததே தவிர, ஒன்றும் விழவில்லை.

"இது இன்னும் தீட்டாததா?"

"நேத்து தீட்டினது."

அவர் உடைந்த துண்டைக் கேட்டு வாங்கினார். இரும்பு ஸ்கேலை அதன்மேல் நிமிர்த்தி வைத்து, ஜன்னலை நோக்கிப் பிடித்தார். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது.

"நடுவுல குழிஞ்சு போச்சும்மா. குழிஞ்ச கல்லுல எவ்வளவு தேச்சாலும் கூரு சரியா வராது. இது இன்னைக்கு நேத்து குழிஞ்சதில்ல."

"இருக்காதுங்க. நேத்துகூட வெண்ணெய் மாதிரி போச்சுன்னாரே."

"யாரு?"

எந்தச் சலூன் என்று அவள் சொன்னாள். கடைக்காரர் கல்லை மேசையில் வைத்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். விற்றோமா காசை வாங்கினோமா என்று இருக்கத் தெரியாத மனிதர்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு எதுக்கு வீண் செலவுன்னுதான் சொல்றேன். அவங்க பிளேடை ஒடிச்சு மாட்டுற கத்திக்கு மாறிட்டாங்களே. நம்ம கடையிலதான் வாங்கினாங்க. பிளேடும் இங்கேருந்துதான் போகுது, ஒரு வருஷமா."

அவளுக்கு முதலில் கேட்கத் தோன்றியது வேறு.

"யாரு வந்து வாங்கினது? அவரா, தம்பியா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்தாங்க."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். வாடிக்கைக்காரர் ஒருவர் கழுத்தில்கூடக் கீறல் விழாமல் தொழில் செய்த மனிதர், அதை வீட்டில் கச்சிதமாகச் செய்திருந்தார். ஒரு வருஷமாகப் பெட்டி கடைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறது. அவள் முதுகு வலிக்க வலிக்கத் தேய்த்திருக்கிறாள். தன் கைவேலையைப் பற்றித் தினமும் கேட்டுக் கேட்டுப் பூரித்துப்போனதை நினைத்தபோது, யாருமில்லாத இடத்தில் போய் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. பரப்பியிருந்ததில் கொஞ்சம் முரடான கல்லை இழுத்து வைத்துக் கத்தியின் ஓரத்தைச் சீராக்கினாள். பிறகு தண்ணீர் குடிக்காத நைசுக் கல்லுக்கு மாறினாள். அவசரமே படவில்லை. கடைக்காரர் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். கடைசியில் அங்கே தொங்கிய தோல்பட்டையில் இழுத்து, முன்கையில் வைத்தாள். தொட்ட இடமெல்லாம் ரோமம் உதிர்ந்தது. இரண்டு கல்லையும் கட்டித் தரச் சொன்னாள்.

சலூனில் கொழுந்தன் பிளேடு ஒன்றை ஒடித்துக்கொண்டிருந்தான். அண்ணியைப் பார்த்ததும் துண்டை உள்ளங்கைக்குள் பொத்தினான். கண்ணாடிக்குக் கீழே தகரப் பெட்டி மூடியபடி இருந்தது. அதன்மேல் அவனுடைய டீ கிளாஸ்.

"கையத் தொறங்க தம்பி, கிழிச்சுக்கப் போறீங்க" என்றாள்.

கணவர் கையிலிருந்த துவாலையை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார். காத்திருந்த இரண்டு பேரும் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

"போன வருஷம் ஒருத்தர் கன்னத்துல இழுத்துருச்சு. ரத்தம். அவரு கடையவே ரெண்டாக்கிட்டாரு" என்றார் கணவர். "உன்கிட்டச் சொன்னா மனசு நோகும்னுதான்…"

"இழுக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கல்லத் தேச்சு மட்டமாக்கியிருப்பேன். ஒரு மத்தியான வேலை அது. நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லியே என் கண்ண அவிச்சுட்டீங்களே."

"சின்ன விஷயத்த ஏன் பெருசு பண்ற? கத்தி தீட்டுறதுல உன்ன மிஞ்ச ஆளு உண்டா? எனக்குத் தெரியாதா?"

இப்போதும் அதே குரல். சாயங்காலக் குரல்.

"அப்ப உக்காருங்க" என்றாள்.

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் தன் நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். அவள் நுரை போட்டாள், தாடை வரைக்கும், கழுத்து வரைக்கும். புதிதாகத் தீட்டிய கத்தியை விரித்தாள். கத்தி கன்னத்தருகே வந்ததுதான் தாமதம், அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணை இறுக மூடியிருந்தார்.

அவர் விடுவார் என்று அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அவர் விடவில்லை.

பிடித்திருந்த விரல்களை அவளே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கத்தியை மடித்துப் பையில் போட்டாள்.

"தம்பி, உங்க அண்ணனுக்கு அந்தப் பிளேட மாட்டி முடிச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு, கற்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.